இசைக்கலைஞர்களுக்காக மாநகராட்சியிடம் என்ன கேட்கலாம்? மனு எழுத யோசனை தேவை

மதுரை_கீபோர்டு:
வணக்கம். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். திருவிழாக் காலத்திலும் முகூர்த்த மாதங்களிலும் புரோகிராம் கிடைக்கும், மற்ற நாட்களில் சும்மாதான். முன்பு எட்டு பத்து பேர் மேடை ஏறிய இடத்தில் இப்போது இரண்டு பாடகர்கள் லேப்டாப்பில் டிராக் போட்டுப் பாடி முடித்துவிடுகிறார்கள். செலவு குறைவு என்பதால் பார்ட்டிகளும் அதையே கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எங்களோடு தபேலாவும் டிரம்ஸும் வாசித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து வரும் பகுதி சபைக் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். உதவித்தொகை என்று எழுதினால் "அது மாநில அரசு விஷயம்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். மாநகராட்சி தன் கையில் இருப்பதை வைத்தே செய்யக்கூடியது என்ன? மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

வியாசர்பாடி_பேஸ்:
அண்ணே, முதலில் இடம் கேளுங்கள். சென்னைக்கு 2017-இல் யுனெஸ்கோ இசை நகரம் என்ற பட்டம் கிடைத்தது, மார்கழியில் சபாக்கள் நிரம்பி வழிகின்றன, எல்லாம் சரி. ஆனால் எங்களைப் போல கானாவும் பேண்டும் வாசிக்கிறவர்கள் ரிகர்சல் பார்க்க ஒரு அறைக்கு அலைகிறோம். வீட்டில் டிரம்ஸை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், ஸ்டுடியோவுக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை.

மாநகராட்சி சமுதாய நலக்கூடங்களைப் பாருங்கள். முகூர்த்த நாளில் இடம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை, பூட்டிக் கிடக்கும். வார நாட்களில் பகல் வேளையும் அப்படித்தான். நாள் வாடகை என்றால் எங்களுக்குக் கட்டாது. காலியாக இருக்கும் நாட்களில் ரிகர்சலுக்கு மணிக்கணக்கில் சிறிய கட்டணத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு செங்கல் கூட வைக்க வேண்டாம்.

மெல்போர்ன்_தமிழன்:
நான் இருக்கும் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே காலிங்வுட் பகுதியில் தி டோட் என்று ஒரு பழைய பப், சின்ன பேண்டுகள் வாசித்து வளர்ந்த இடம். மது உரிம நிபந்தனைகளைக் கடுமையாக்கி, கூடுதல் பாதுகாப்பு ஆட்களை வைக்கச் சொன்னதில் கட்டுப்படியாகாமல் 2010 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், அரசும் இறங்கி வந்தது, அதே வருடம் வேறு ஆட்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். 2023-இல் அது விற்பனைக்கு வந்தபோது, வேறொரு இசைக்கூடம் நடத்தும் இரண்டு பேர் அதை வாங்க முன்வர, ரசிகர்களே 30 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது 2014-இல் எங்கள் விக்டோரியா மாநிலக் கட்டடத் திட்ட விதிகளில் வந்த ஒரு மாற்றம். முன்பெல்லாம் இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் புது அடுக்குமாடி எழும்பும், குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள், கூடம் மூடும். இப்போது யார் பிறகு வந்தாரோ அவர் பொறுப்பு. ஏற்கெனவே இருக்கும் இசைக்கூடத்தின் அருகில் வீடு கட்டினால், உள்ளே சத்தம் வராதபடி தடுப்பைக் கட்டுகிறவர்தான் தன் செலவில் செய்ய வேண்டும். இங்கிலாந்தும் 2018-இல் இதே கொள்கையைத் தன் திட்ட விதிகளில் சேர்த்துக்கொண்டது. அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மதுரையில் இன்று தேவைப்படாவிட்டாலும், நகரத் திட்டம் பேசும்போது இதைச் சொல்லி வைப்பது நல்லது.

பறை_முருகன்:
தோழர், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை என்னிடம் இருக்கிறது. அது வேண்டும்தான், ஆனால் அட்டை வேலை தராது. சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கியபோது பூங்காவிலும் கடற்கரையிலும் எங்கள் ஆட்கள் ஆடினார்கள், இடையில் நின்று 2023 பொங்கலில் மறுபடி வந்தது. ஊர் ஊராய்க் கலைஞர்களைக் கூட்டிவந்து மரியாதையாக மேடை கொடுத்த நிகழ்ச்சி அது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் பொங்கல் முடிந்ததும் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு மாதா மாதம் வேண்டும். மாநகராட்சிப் பூங்காவில் மாதம் இரண்டு ஞாயிறு மாலை, இவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் போட்டு, ஆடி முடித்த அன்றே கையில் கொடுத்தால் போதும். "விளம்பரம் கிடைக்கும், இலவசமாக வாருங்கள்" என்று கூப்பிடுவதை அரசு விழாவிலாவது நிறுத்த வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் நாதஸ்வரமும் தவிலும் படித்து வெளியே வரும் பிள்ளைகளையும் அந்த மேடையில் ஏற்றுங்கள்.

கணக்கர்_திருச்சி:
வரியைப் பற்றிக் கொஞ்சம். டிக்கெட் 500 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் இசை நிகழ்ச்சி நுழைவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர்களின் சம்பளத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு உண்டு, மெல்லிசைக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் நீங்கள் பதிவே செய்ய வேண்டாம், பயப்படாதீர்கள். கேளிக்கை வரி உள்ளாட்சிக்குப் போவது. சிறிய டிக்கெட் கச்சேரிகளுக்கு அதில் சலுகை வாங்கித்தர மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

மதுரை_கீபோர்டு:
எல்லோருக்கும் நன்றி. நலக்கூட யோசனையை முதலில் எழுதுகிறேன், பூங்கா ஞாயிறு அடுத்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது தெரியும், அதை மாற்றச் சொல்லப்போவதில்லை. மைக் அனுமதிதான் தொல்லை. போலீஸ் அனுமதி முந்தின நாள் சாயங்காலம் கைக்கு வருகிறது, அதற்குள் பார்ட்டி பயந்துபோய் வேறு ஏற்பாடு செய்துவிடுகிறார். மாநகராட்சி ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்கி, ஒரு வாரம் முன்னாலேயே பதில் சொல்ல வைக்க முடியுமா என்றும் கேட்கிறேன்.

சவுண்ட்_செட்_பாண்டி:
கேளுங்க தம்பி. அப்புறம் ஹாலைக் கேட்கும்போது கரண்டையும் கேட்டு வாங்குங்கள். பாதிக் கூடங்களில் எர்த் சரியாக இருக்காது, கீபோர்டு லைனில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும், கிட்டார் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் சுரீர் என்று அடிக்கும். எர்த் குழி புதிதாகப் போட்டு, மேடைக்குத் தனி லைன், ஆம்பிளிஃபயர் தாங்கும் அளவுக்குப் பிளக் பாயிண்ட் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். மழைக்காலம் வருவதற்குள் முடித்துத் தரச் சொல்லுங்கள்.