அதே இ4

நான்: சித்தப்பா 😭 முகில் அண்ணாகிட்ட ஜெயிக்க வேண்டிய செஸ் கேமை ஸ்டேல்மேட் பண்ணிட்டேன். செக் இல்ல, ஆனா அண்ணாவால நகரவும் முடியல, அதனால டிரா

நான்: எங்கிட்ட ராஜாவும் ஒரு சிப்பாயும். அண்ணாகிட்ட வெறும் ராஜா

முகில் அண்ணா: வெறும் ராஜாதான், ஆனா கெட்டிக்கார ராஜா 😎

அத்தை: ராஜா, சிப்பாய் மட்டும் வச்சு எதிராளி ராஜாவைத் தப்பிக்க விடாம எப்படி மேட் பண்றது? அது டிராதானே?

சித்தப்பா: சிப்பாயா இருக்கற வரைக்கும் மேட் வராதுக்கா. எட்டாவது வரிசைக்குப் போய் ராணி ஆகணும். அப்புறம் ராஜாவும் ராணியும் சேர்ந்து 10 மூவுக்குள்ள முடிச்சிடலாம்

சித்தப்பா: எங்க கோட்டை விட்ட? பொசிஷன் சொல்லு

நான்: என் ராஜா இ5 (இ பத்தி, என் பக்கத்துல இருந்து 5ஆவது வரிசை), சிப்பாய் இ3. அண்ணா ராஜா இ7. என் மூவ்

சித்தப்பா: அடிப்பாவி, தங்கமான பொசிஷன்! என்ன வச்ச?

நான்: சிப்பாய் தனியா நிக்குதேன்னு ராஜாவை டி4க்கு இறக்கினேன். அண்ணா இ6 வந்தாங்க. அப்புறம் சிப்பாயை இ4 தள்ளினேன்

முகில் அண்ணா: அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு

சித்தப்பா: அந்த இ4ஐ முதல்லயே தள்ளியிருந்தா ஜெயிப்பு. ஒரு மூவ் கழிச்சு தள்ளின, டிரா

நான்: அதே மூவ்தானே??

சித்தப்பா: ரெண்டு ராஜாவும் நேருக்கு நேர், நடுவுல ஒரே கட்டம். இப்ப யார் நகரணுமோ அவங்கதான் வழி விடணும். ஆப்போசிஷன்னு சொல்றது இதைத்தான். உன் கையில உபரியா ஒரு சிப்பாய் மூவ் இருந்துச்சு. அதை அப்பவே ஆடியிருந்தா முகில்தான் நகரணும். அவன் டி7 போனா நீ எஃப்6ல நுழைவ, எஃப்7 போனா டி6, இ8 போனா இ6

சித்தப்பா: நீ டி4ல இருந்துட்டு தள்ளினதும் அவன் டி6 வந்து எதிர்ல நின்னுட்டான். இப்ப நகர வேண்டியது நீ

முகில் அண்ணா: டி4க்கு அப்புறமும் ராஜாவை இ4ல வச்சிருந்தா நான் காலி சித்தப்பா. அவசரக்குடுக்கை தள்ளிட்டா

நான்: கடைசில என் ராஜா டி6, சிப்பாய் இ6, அண்ணா டி8. இ7ல செக் குடுத்தேன், இ8 வந்தாங்க, நான் ராஜாவை இ6 வச்சேன். அண்ணாவுக்கு நகர இடமே இல்ல

சித்தப்பா: அங்க வேற எது வச்சாலும் டிராதான். பக்கத்துல ராஜா ஆறாவது வரிசையில நிக்கறப்ப, சிப்பாய் செக்கோட ஏழுக்குப் போனா டிரா. சத்தமில்லாம போனா ராணி

தாத்தா: ஓரச் சிப்பாயா இருந்தா இந்தப் பாச்சா பலிக்காது. எதிராளி மூலையில போய் உக்காந்துட்டா அசைக்க முடியாது

அத்தை: முகிலுக்கு டைம் முடிஞ்சிருந்தா?

சித்தப்பா: பாப்பா ஜெயிச்சிருப்பா. சிப்பாய் ராணியாக வழி இருக்கே. பாப்பாவுக்கு டைம் போயிருந்தா டிரா, வெறும் ராஜாவால மேட் பண்ண முடியாது

சித்தப்பா: பாப்பா, 1921ல ரிச்சர்ட் ரேட்டிங்கற செஸ் வீரர் போட்ட புதிர் ஒண்ணு. உன் வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6. கருப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. உன் மூவ், டிரா பண்ணு

நான்: கருப்பு சிப்பாய் ஓடிடும். ரெண்டு மூவ் பின்னாடி இருக்கேன். என் சிப்பாயையும் அந்த ராஜா தின்னுடும்

சித்தப்பா: நேரா துரத்தாத. மூலைவாட்டா நட

நான்: ஜி7

முகில் அண்ணா: ஹெச்4

நான்: எஃப்6

முகில் அண்ணா: ராஜா பி6. சி6 சிப்பாய் எனக்குத்தான்

நான்: இ5!! அண்ணா, இப்ப என் சிப்பாயை வெட்டுவியா, உன் சிப்பாயை ஓட்டுவியா?

முகில் அண்ணா: இரு, யோசிக்கிறேன்