அமெரிக்கக் கத்தோலிக்கர் வாக்கு: எந்த இனக்குழு எப்போது மாறியது?

நெய்தல்:
1960இல் கத்தோலிக்கர்களில் 78 சதவீதம் பேர் கென்னடிக்குப் போட்டதாக கேலப் கணக்கு. 2004இல் ஜனநாயகக் கட்சி இன்னொரு கத்தோலிக்கரான ஜான் கெர்ரியை நிறுத்தியும் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பின்படி அவர்களில் பெரும்பான்மை குடியரசுக் கட்சியின் புஷ் பக்கம். ஐரிஷ், இத்தாலிய, மெக்சிகோ வம்சாவளியினர் எல்லாரும் சேர்ந்தா நகர்ந்தார்கள்? தனித்தனியாகப் பார்க்க எந்தத் தரவை எடுக்கலாம்?

தராசு:
சேர்ந்து நகரவில்லை, தொடங்கியதே ஒரே இடத்தில் இல்லை. ஐரிஷ்காரர்கள் நியூயார்க்கின் டமனி ஹால் போன்ற உள்ளூர்க் கட்சி அமைப்புகளைப் பிடித்து, ஜனநாயகக் கட்சி வழியாக வேலையும் பதவியும் பெற்றார்கள். பின்னால் வந்த இத்தாலியர்களுக்கு அங்கே கிடைத்தது மிச்சம் மீதிதான். அதனால் வடகிழக்கு நகரங்களில் பலர் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். கென்னடி வென்ற அதே 1960 தேர்தலில், அவருடைய மாசசூசெட்ஸிலேயே குடியரசுக் கட்சியின் ஜான் வோல்பி ஆளுநரானார். அவர் இத்தாலியக் கத்தோலிக்கர். போலந்து வம்சாவளியினரிடம், ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் போலந்தை சோவியத் பிடியில் விட்டுவிட்டதாக அவர்கள் கருதிய 1945 யால்டா ஒப்பந்தம் ஆறாத காயம்.

இந்த மாற்றத்துக்கான எல்லாப் பழியையும் கருக்கலைப்புப் பிரச்சினை மேல் போடாதீர்கள். குடியரசுக் கட்சியின் நிக்சன் கத்தோலிக்கரிடம் பெரும்பான்மை பெற்றது 1972இல். கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ வழக்குத் தீர்ப்பு 1973இல்தான் வந்தது.

அட்டவணை:
தரவுக்கு ஜெனரல் சோஷியல் சர்வே என்ற அமெரிக்க மக்கள் கருத்தாய்வு. 1972 முதல் மதம், பூர்விக நாடு, கட்சிச் சார்பு மூன்றும் இருக்கின்றன. ஓராண்டுத் தரவை மட்டும் எடுத்தால் ஒரு குழுவுக்குச் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள். 100 பேர் இருந்தால்கூடப் பிழை வரம்பு ±10 புள்ளி. பத்தாண்டு வாரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்சி அளவுகோலில் 0 (உறுதியான ஜனநாயகக் கட்சியினர்) முதல் 6 (உறுதியான குடியரசுக் கட்சியினர்) வரை மட்டும் வையுங்கள்; 7 'வேறு கட்சி', அதைச் சேர்த்தால் சராசரி கெடும்.

நெய்தல்:
பூர்விகம் ஐரிஷ் என்று வடிகட்டினால் போதாதா?

அட்டவணை:
போதாது. ஐரிஷ் என்று சொல்பவர்களில் மிகப் பலர் புராட்டஸ்டண்டுகள், அதுவும் தெற்கு மாநிலங்களில். மதத்தையும் சேர்த்தே வடிகட்டுங்கள். எந்த மதத்தில் வளர்ந்தீர்கள் என்ற கேள்வியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: திருச்சபையை விட்டவர்கள் கணக்கிலிருந்து விழுவதால், யாரும் கட்சி மாறாமலே மாறியது போலத் தெரியும்.

ஹிஸ்பானிக் (மெக்சிகோ உள்ளிட்ட ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) வரிசையில் இன்னொரு பள்ளம்: 2006க்கு முன் ஸ்பானிஷில் நேர்காணல் இல்லை. புதிதாகக் குடியேறியவர்கள் விடுபட்டிருப்பார்கள்.

தராசு:
அண்மைய நகர்வு அந்த வரிசையில்தான். டெக்சாஸ் எல்லையில் இருக்கும் ஸ்டார் கவுண்டி 2016இல் ஹிலாரிக்கு 79 சதவீதம் கொடுத்தது. 2024இல் டிரம்ப் அங்கே வென்றார். ஆனால் கவுண்டி முடிவில் மதம் பதிவாவதில்லை. ஹிஸ்பானிக் இவாஞ்சலிக்கர்கள் (புராட்டஸ்டண்ட் பிரிவினர்) கத்தோலிக்கர்களைவிடக் குடியரசுக் கட்சிக்கு நெருக்கம் என்பதால் இரண்டையும் பிரிக்காமல் எழுத வேண்டாம். வாக்காளர் கருத்துக்கணிப்பையும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள்: 2020இல் வாக்குச்சாவடிக் கணிப்பு கத்தோலிக்கரிடம் பைடனுக்கு 52 சதவீதம் என்றது, ஏபி செய்தி நிறுவனத்தின் வோட்காஸ்ட் கணிப்பு 49 என்றது.