மறுமொழி: மூட்டைப்பூச்சி இனங்கள் இரண்டுக்கும் பெயர்

வணக்கம். மனிதரைக் கடிக்கும் இரண்டு மூட்டைப்பூச்சி இனங்களுக்கும் அகராதியில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> 'பொது மூட்டைப்பூச்சி', 'வெப்பமண்டல மூட்டைப்பூச்சி' என்று வைத்துவிட்டால் போதுமே.

போதாது ஐயா. சைமெக்ஸ் லெக்டுலேரியஸ் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாக இருப்பதால் அங்கே அதைப் 'பொது' என்கிறார்கள். நம் ஊர்க் கட்டிலில் பெரும்பாலும் கடிப்பது மற்றது, சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். நமக்கு அதுதானே பொது? தமிழில் படிக்கும் மாணவர் தொடக்கத்திலேயே குழம்பிப்போவார். 'வெப்பமண்டல' என்பதும் நிற்காது. ஹெமிப்டெரஸ் ரஷ்யா வரை போய்விட்டது.

உடம்பைப் பார்த்தே பெயர் வைப்போம். இரண்டும் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர், ஒரே செம்பழுப்பு, இறக்கை கிடையாது. லென்ஸ் வைத்துத் தலைக்குப் பின்னால் இருக்கும் முதுகுத் தகட்டைப் பாருங்கள். லெக்டுலேரியஸில் அதன் இரு ஓரமும் தட்டையாக அகன்று, தலையை அணைத்தாற்போல் முன்னே வளைந்திருக்கும். தகட்டின் அகலம் நடு நீளத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஹெமிப்டெரஸில் ஓரம் ஒடுங்கியிருக்கும், அந்த அளவு விரிவு இராது.

'அகல்மார்பு' என்றும் ஒரு யோசனை வந்தது. மார்பு என்றதும் படிப்பவர் பூச்சியைப் புரட்டி அடிப்பக்கம் தேடுவார். பார்வைக்கு அது தோள்தான். ஆகவே என் பரிந்துரை: லெக்டுலேரியஸுக்கு விரிதோள் மூட்டைப்பூச்சி, ஹெமிப்டெரஸுக்குக் குறுந்தோள் மூட்டைப்பூச்சி.

கால் பிடிப்பை வைத்துப் பெயரிடலாம் என்பதும் நல்ல யோசனைதான். கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் வழவழப்பான பொறிக் கிண்ணத்தில் விழுந்த விரிதோள் பெரும்பாலும் ஏற முடியாமல் அங்கேயே கிடக்கும். குறுந்தோளின் காலில் ஒட்டுமயிர் அதிகம். அது ஏறி வந்துவிடும். பூச்சி ஒழிப்பவர்களுக்கு இது மிக முக்கியமான வேறுபாடு, விளக்கத்தில் கட்டாயம் சேர்ப்போம். ஆனால் செத்த பூச்சியை வைத்து இதைச் சோதிக்க முடியாதே!

அப்புறம், பழைய கட்டுரைகளைத் தமிழாக்குபவர்களுக்கு ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பேட்டன் என்ற ஆய்வாளர் காலா அசார் (கருங்காய்ச்சல்) நோயின் ஒட்டுண்ணியை மூட்டைப்பூச்சிக்குள் ஆராய்ந்தார். அவர் 'சைமெக்ஸ் ரோடுண்டேடஸ்' என்று எழுதியது இதே குறுந்தோள்தான். அதற்குத் தனிப்பெயர் தேட வேண்டாம். (அந்த நோயைப் பரப்புவது மணல் ஈ என்று 1942இல் உறுதியாயிற்று.)

தோள் அடையாளம் முதிர்ந்த பூச்சிக்குத்தான் பொருந்தும். இளம்பூச்சிகளுக்கு ஐந்து பருவம் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது வேறு வேலை. அகராதிப் பதிவில் 'முதிர்ந்தவற்றில்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் சரியாக இருக்கும்.