மாடி ஏற முடியாதவரின் கொடுப்பனவை நிறுத்தினால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கேள்வி – ஒட்டுசுட்டான் தங்கை

அனைவருக்கும் வணக்கம். எனது அண்ணன் 2009இல் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் வாழ்கின்றார். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாந்தம் வழங்கப்படும் கொடுப்பனவு அவருக்கும் கிடைத்து வந்தது. அண்மையில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. “மீளாய்வுக்கு நேரில் சமூகமளிக்கவில்லை” என்பதே கடிதத்தில் உள்ள காரணம்.

அவர் சமூகமளித்தார். மீளாய்வு நடந்தது மேல்மாடியில். முன்வாசலில் சாய்தளம் உண்டு. அதன் அடியில் உத்தியோகத்தர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவற்றை நகர்த்தி உள்ளே போனால் படிக்கட்டு மட்டுமே இருந்தது. நாலு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வாசலில் நின்றவர் சொன்னார். படுக்கைப் புண் ஆறிக்கொண்டிருந்த நேரம் என்பதால் அண்ணன் அதற்குச் சம்மதிக்கவில்லை. கீழே வந்து ஒரு கையெழுத்தை வாங்கிப் போகும்படி மேலே சொல்லி அனுப்பினோம். மதியம் வரை ஒருவரும் இறங்கி வரவில்லை.

வழக்குத் தொடர விரும்புகின்றோம். தெரிந்த ஒருவர், முதலில் சட்டத்தரணி மூலம் ஒரு மாத அறிவித்தல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்கின்றார். இன்னொருவர், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் போதும், நீதிமன்றம் எல்லாம் வீண் அலைச்சல் என்கின்றார். இரண்டில் எது சரி? இதே அலுவலகத்தில்தான் எங்களுக்குக் காணி அலுவல்களும் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன்.

பதில் 1 – வவுனியாச் சட்டத்தரணி

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கொடுப்பனவை நிறுத்திய தீர்மானம். அதற்கு ஒரு திகதி இருக்கிறது. மற்றையது, மேல்மாடிக்குப் போக வழியில்லாத கட்டடம். அது ஒவ்வொரு நாளும் தொடர்ந்துகொண்டிருக்கும் குறை. இரண்டுக்கும் கால எல்லையும் ஒன்றல்ல, போகவேண்டிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அவசரமானது முதலாவது. நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலினால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே மீறப்பட்டிருப்பது 12(1)ஆம் உறுப்புரையில் உள்ள சமத்துவ உரிமை. கால் நடக்கக்கூடியவரும் நடக்க முடியாதவரும் ஒரே படிக்கட்டில் ஏறி வரவேண்டும் என்று கேட்டுவிட்டு, வராதவரைத் தண்டிப்பது சமமாக நடத்துவது ஆகாது என்பதே உங்கள் வாதம். மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்று 12(4) வெளிப்படையாகவே சொல்வதால், உத்தியோகத்தர் ஒருவர் கீழே இறங்கி வந்திருந்தால் அது சலுகை காட்டியதாகிவிடும் என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாது.

அறிவித்தல் அனுப்பிக் காத்திருக்கச் சொன்னவர் தவறான சட்டத்தைச் சொல்லவில்லை. வேறொரு வழக்கின் சட்டத்தைச் சொல்லியிருக்கின்றார். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டமா அதிபருக்கோ அரச உத்தியோகத்தருக்கோ எதிராக நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர்வதானால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி ஒரு மாத அறிவித்தல் கொடுக்கத்தான் வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அந்த ஒரு மாதத்தை நீங்கள் மரியாதையாகக் காத்திருந்து கழித்தால், மற்றைய ஒரு மாதம் உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். வன்னியிலிருந்து வரும் எத்தனையோ நல்ல வழக்குகள் இந்த இடத்தில்தான் செத்துப் போகின்றன.

ஆணைக்குழுவுக்குப் போவது நல்லதுதான். வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு செய்திருந்தால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்ப்பதில்லை என்கிறது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வட மாகாண ஆளுநர் எதிர்மனுதாரராக இருந்த மனோரஞ்சன் எதிர் சந்திரசிறி வழக்கில், 2014இல், ஆணைக்குழு உண்மையில் விசாரணை நடத்துகின்றது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகையால் முறைப்பாட்டைக் கொடுத்த கையோடு, விசாரணை இலக்கத்தையும் அழைப்புக் கடிதத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது குறை, கட்டடம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு மூன்று விடயங்களைத் தொடுகிறது: வேலைக்கு ஆட்சேர்ப்பு, கல்வி நிறுவனங்களில் அனுமதி, பொது இடங்களை அணுகுதல். அது மீறப்பட்டால் 24ஆம் பிரிவின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எங்களுக்கு அது, உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடை வரை போகத் தேவையில்லாத வழி. தமிழிலேயே நடக்கும் நீதிமன்றம் என்பதும் சிறிய விடயம் அல்ல. கொடுப்பனவு இந்த 23ஆம் பிரிவுக்குள் வராது. அதனால்தான் இரண்டையும் பிரித்துப் பாருங்கள் என்றேன்.

2006இல் இந்தச் சட்டத்தின் கீழ் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா அவற்றை நடைமுறைப்படுத்தக் கோரித் தொடுத்த 221/2009 இலக்க அடிப்படை உரிமை மனுவில், 2011 ஏப்ரல் 27ஆம் திகதி, புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில் கழிப்பறை உட்பட அணுகல் வசதி இருக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்றைக்கு நிற்கின்ற அரச கட்டடங்களில் பெரும்பாலானவை 2009 மே மாதத்துக்குப் பிறகு எழுந்தவை. “பழைய கட்டடம், என்ன செய்வது” என்ற சாட்டு தெற்கில் செல்லுபடியாகலாம். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லுமுன் கட்டடத்தின் அடிக்கல்லில் உள்ள ஆண்டைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பதில் 2 – பரந்தன் சக்கர நாற்காலி

சட்டத்தரணி ஐயா சொன்ன சட்டத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2011ஆம் ஆண்டுக் கட்டளைக்குப் பிறகும் அதே மனுதாரர் 2018இல் மறுபடியும் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 126(5)ஆம் உறுப்புரை இரண்டு மாதத்துக்குள் மனுவைத் தீர்க்கச் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் போகின்றன. உங்கள் அண்ணனைக் கொழும்புக்குக் கொண்டு போகும் பேருந்தில் சக்கர நாற்காலி ஏறாது. வானுக்குக் கொடுக்கும் காசில் எத்தனை மாதக் கொடுப்பனவு போகும் என்று கணக்குப் பாருங்கள். மனுவின் தவணைகளுக்குச் சட்டத்தரணி நின்றால் போதும், மனுதாரர் ஒவ்வொரு முறையும் போகத் தேவையில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் கட்டளை வந்து கட்டடம் திருந்துவதற்கிடையில் நாங்கள் வாழவேண்டியிருக்கிறது.

நான் வேறு ஓர் அலுவலகத்தில் செய்ததைச் சொல்கின்றேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் சாய்தளம் எந்தச் சாய்வில் காட்டப்பட்டிருக்கிறது, அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, மாடிக்கு வரமுடியாதவர்களுக்கு என்ன ஒழுங்கு என்று கேட்டேன். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால், அந்த நிறுவனத்திலேயே மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். பதில் எழுத்தில் வருவதற்கு முன்பே கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடப்பட்டது. சாய்தளத்தை மட்டும் இன்றுவரை திருத்தவில்லை. ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அங்கே இரண்டடி உயரத்துக்கு ஏழடிச் சரிவு. கை விட்டால் நாற்காலி தானாகவே வீதிக்கு வந்துவிடும். படம் எடுத்துக் காட்டுவதற்கு மட்டும் கட்டிய சாய்தளங்கள் வன்னியில் நிறைய உண்டு, அவற்றில் கைபிடிக்கு அடித்த நீலப் பூச்சுத்தான் தரமாக இருக்கும்.

வழக்கை விடச் சொல்லவில்லை. வழக்குக்கும் அந்தத் தகவல் பதில் சாட்சியாகும். அதே நாளில், கொடுப்பனவை மீள வழங்கக் கோரும் மேன்முறையீட்டையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் 3 – ஸ்கார்பரோவிலிருந்து மல்லாவிக்காரர்

நான் சட்டம் படித்தவன் அல்லன். இங்கே கனடாவில் மாற்றுத்திறனாளிகள் சேவையில் வேலை செய்கின்றேன். உங்கள் அண்ணன் தூக்கிச் செல்லப்பட மறுத்ததை வாசித்தபோது அமெரிக்காவின் டென்னசி எதிர் லேன் வழக்கு நினைவுக்கு வந்தது. மாடியில் இருந்த நீதிமன்றத்துக்கு ஒரு முறை தவழ்ந்து ஏறிய மனுதாரர், அடுத்த முறை தவழவும் மாட்டேன், தூக்கவும் விடமாட்டேன் என்று கீழே இருந்துவிட்டார். சமூகமளிக்கவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள். மாநில அரசுக்கு எதிராக நட்டஈட்டு வழக்கே தொடர முடியாது என்பதுதான் டென்னசி அரசின் வாதம். 2004இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த வாதம் தோற்றது. நீதிமன்றத்தை அணுகும் உரிமை சம்பந்தப்பட்ட இடத்தில், 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் மாநிலத்தின் மீது வழக்குத் தொடரலாம் என்றார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வேலைவாய்ப்புப் பற்றிய அலபாமா வழக்கில் அதே நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்திருந்தது. அரசின் மீது வழக்குப் போடுவதற்கு அங்கேயும் நேரான பாதை கிடையாது.

கனடாவில் எல்ட்ரிஜ் வழக்கு 1997இல் முடிந்தது. மருத்துவமனையில் செவிப்புலனற்றோருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை வழங்காதது சமத்துவ உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே சேவையைத்தானே கொடுக்கின்றோம் என்று அரசு சொல்லித் தப்ப முடியாது என்பது அதன் சாரம். மாகாண அரசு ஏற்பாடு செய்துகொள்ள 6 மாத அவகாசமும் கொடுத்தார்கள். இந்தத் தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தா. ஆனால் சட்டத்தரணி எடுத்துக்காட்டலாம் அல்லவா?

ஒட்டுசுட்டான் தங்கை

எல்லாருக்கும் நன்றி. கடிதம் கிடைத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இரண்டு விடயம் கேட்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. மற்றது, வழக்குப் போட்டால் காணி அனுமதிப்பத்திர அலுவலில் பழிவாங்குவார்களோ என்று அம்மா பயப்படுகின்றா.

வவுனியாச் சட்டத்தரணி

மல்லாவி அண்ணனுக்கு: எடுத்துக்காட்டலாம். 2016 பெப்ரவரி 8ஆம் திகதி இலங்கை ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையையும் அப்படித்தான் பயன்படுத்துவோம். அதை மட்டும் வைத்து இங்கே வழக்குத் தொடர முடியாது. 12ஆம் உறுப்புரைக்குப் பொருள்கொள்ள உதவும்.

பரந்தன் தம்பி சொன்ன தாமதம் உண்மை. அதனால்தான் நிவாரணத்தைப் பொதுவாகக் கேட்கக் கூடாது. “உரிமை மீறப்பட்டது என்று பிரகடனம் செய்க” என்று மட்டும் எழுதினால் பிரகடனம் மட்டும் கிடைக்கும். கொடுப்பனவை நிறுத்திய திகதியிலிருந்து நிலுவையுடன் வழங்குதல், மாடி ஏற முடியாதவர்களின் மீளாய்வைக் கீழ்த்தளத்திலோ வீட்டிலோ நடத்துதல், அதுவரை இடைக்காலக் கட்டளை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். நீதியானதும் ஒப்புரவானதுமான எந்த நிவாரணத்தையும் வழங்க 126(4) இடம் கொடுக்கிறது.

பணம் இல்லாவிட்டால், வவுனியாவில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு இந்தக் கிழமையே போங்கள். கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழ், கொடுப்பனவை நிறுத்திய கடிதம், அது வந்த தபாலுறை, வைத்திய அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தபாலுறையை எறிந்துவிடாதீர்கள், கடிதத்தில் இட்ட திகதிக்கும் உங்கள் கையில் கிடைத்த நாளுக்கும் உள்ள இடைவெளியை முத்திரைதான் காட்டும். அண்ணனை வாசலில் கண்ட ஒருவரிடம் சத்தியக் கடதாசி வாங்குங்கள். மோட்டார் சைக்கிள்கள் நின்ற சாய்தளத்தைப் படம் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள்.

அம்மாவின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரே கையெழுத்தில் எல்லாம் தங்கியிருக்கும் ஊரில் அது நியாயமான பயம். அன்றைய மீளாய்வுக்கு வந்து மேலே போக முடியாமல் திரும்பியவர்கள் உங்கள் அண்ணன் ஒருவராக மட்டும் இருந்திருக்க மாட்டார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரின் சங்கங்கள் மூலம் விசாரித்து, இன்னும் ஓரிருவர் இணை மனுதாரராக வந்தால் ஒரு வீட்டைக் குறிவைப்பது கடினமாகும். காணி அலுவலுக்குக் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகளையும் இப்போதே திகதியுடன் எடுத்து வையுங்கள். பின்னால் அது இழுபட்டால், எப்போதிலிருந்து இழுபடுகின்றது என்று காட்டலாம். இணை மனுதாரர்களைத் தேடுவதற்காக மனுவைத் தாமதிக்க வேண்டாம். ஆள் கிடைக்காவிட்டால் அண்ணன் தனியாகவே கையெழுத்து வைக்கட்டும். கடிதத்தின் திகதியையும் இலக்கத்தையும் இங்கே பொதுவில் எழுதாதீர்கள், நிலையத்தில் இருக்கும் சட்டத்தரணியிடம் நேரில் காட்டுங்கள்.