கிளிப் போட வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பல் சீரமைப்பு மருத்துவர்

"இன்னும் கொஞ்சம் இறுக்கி விடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்." வயர் மாற்றும் நாளில் அதிகம் காதில் விழுவது இதுதான். இறுக்கினால் வேகம் கூடாது, குறையத்தான் செய்யும். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. வயர் மெதுவாகத் தள்ளும்போது அது ஒரு பக்கம் அழுந்தும், எதிர்ப்பக்கம் இழுபடும். அழுந்திய பக்கம் எலும்பு கரையும், இழுபட்ட பக்கம் புது எலும்பு படியும். அழுத்தம் அளவு மீறினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று திசு செத்துவிடும். உடல் அதை அப்புறப்படுத்தி முடிக்கிற வரை, வாரக்கணக்கில், பல் நின்ற இடத்திலேயே நிற்கும். வலி மட்டும் மிச்சம்.

பல் எடுத்த இடைவெளியை மூடும் கட்டத்தில் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள சிறுகடைவாய்ப்பல் ஒன்றை எடுத்த இடம் சுமார் 7 மில்லிமீட்டர். அதற்கு முன்னால் பற்களை நேர்வரிசைக்குக் கொண்டுவரும் மாதங்கள், பின்னால் கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் பொருந்துவதைச் சரிசெய்யும் மாதங்கள். அதனால்தான் பலருக்கும் 18 முதல் 24 மாதம் என்று சொல்கிறோம். லேசான நெருக்கம் மட்டும் என்றால் ஒரு வருடத்துக்குள் முடியலாம். எலும்புக்குள் புதைந்த கோரைப்பல்லை அறுவைசிகிச்சை செய்து சங்கிலி கட்டி இறக்க வேண்டுமென்றால் இரண்டு வருடத்தையும் தாண்டும்.

சொன்ன தேதி தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். பிராக்கெட், அதாவது வயரைப் பிடிக்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னத் துண்டு, பெயர்ந்து மூன்று வாரம் கழித்து வருபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்தப் பல் கொஞ்சம் திரும்பியிருக்கும். வாயில் இருப்பது 0.019 × 0.025 அங்குலத் தடித்த ஸ்டீல் வயர் என்றால், புதிதாக ஒட்டிய பிராக்கெட்டின் பள்ளத்தில் அது உட்காராது. மறுபடி 0.014 அல்லது 0.016 அங்குல மெல்லிய நிக்கல் டைட்டானியம் வயருக்கு இறங்கிப் படிப்படியாக ஏறி வரவேண்டும். ஒரு பிராக்கெட் இரண்டு மாதத்தை விழுங்குவது இப்படித்தான். இதை முதல் நாளே விளக்கிச் சொன்னால் பெரும்பாலானோர் கவனமாக இருக்கிறார்கள். உங்களிடம் வருபவர்கள் என்ன கேட்கிறார்கள், என்ன பதில் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கிளினிக் உதவியாளர்

"ஊசி போடுவீங்களா?" என்பதுதான் முதல் நாள் கேள்வி. ஊசியே கிடையாது. பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி, காற்றில் உலர்த்துவோம். பல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் தெரியவேண்டும். பிறகு பசை, பிராக்கெட், ஒளியால் கெட்டிப்படுத்துதல். இதில் எங்கேயும் வலி இல்லை. ஆனால் உலர்த்திய பல்லில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும். வாயைத் திறந்தே வைக்கச் சொல்வதும், நடுவில் பேசாதீர்கள் என்பதும் அதற்குத்தான். கொஞ்ச நாளிலேயே பெயரும் பிராக்கெட்டுகளில் பலவற்றுக்குக் காரணம் ஈரம், இல்லையென்றால் கடியில் மேல்பல் நேராகக் கீழ் பிராக்கெட்டில் மோதுவது. இப்படி மோதுகிறவர்களுக்குக் கடைவாய்ப்பல்லின் மேல் சிமெண்ட் மேடு வைத்துக் கடியைத் தற்காலிகமாகத் தூக்கி வைப்பார்கள். "இப்ப கடைவாயில மட்டும்தான் கடிபடுது, ஏதோ தப்பா இருக்கு" என்று போன் செய்வார்கள். தப்பில்லை, சில நாளில் பழகிவிடும்.

வலி வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். அந்த நாட்களில் மெல்ல வேண்டாத மென்மையான உணவு போதும். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி எடுங்கள். பொதுவாகப் பாராசிட்டமால்தான் சொல்வார்கள்.

கன்னத்தில் உரசும் பிராக்கெட்டுக்கு மெழுகு வைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஈரத்தில் மெழுகு ஒட்டாது. முதலில் பிராக்கெட்டைப் பஞ்சாலோ டிஷ்யூவாலோ துடைத்து உலர்த்தி, பயறளவு மெழுகை உருட்டி அழுத்த வேண்டும். பற்கள் வரிசைக்கு வர வர மெல்லிய வயர் பின்னால் நீண்டு கன்னத்தில் குத்தும். சுத்தமான பென்சில் ரப்பரின் நுனியால் அதைப் பல்லோடு மடக்கிவிட்டு மெழுகு வையுங்கள். மடங்காவிட்டால் கிளினிக்குக்கு வாருங்கள், வயரை அறுப்பதற்கு இரண்டு நிமிடம்தான். பெயர்ந்த பிராக்கெட் வயரில் தொங்கினால் பிய்த்து எடுக்கவேண்டாம், அப்படியே விட்டுவிட்டு அன்றே சொல்லுங்கள். தனியாகக் கழன்றுவிட்டால் பத்திரமாகக் கொண்டுவாருங்கள்.

பொதுப் பல் மருத்துவர்

"கிளிப் போட்டா பல் கெட்டுப்போகுமா?" பெற்றோர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கிளிப் பல்லைக் கெடுக்காது. அதைச் சுற்றித் தேங்கும் அழுக்கு கெடுக்கும். அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக. நான்கே வாரத்தில் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு தொடங்கிவிடலாம். கிளிப்பை எடுத்த பிறகு நடுவில் ஒரு சதுரம் பளிச்சென்றும் சுற்றிலும் சாக்பீஸ் வெள்ளையாகவும் தெரியும் பற்கள் இப்படி வந்தவைதான். முழுதாக மறைய வைப்பது கடினம்.

பிரஷை ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்த்து ஒரு முறை, பிராக்கெட்டுக்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒரு முறை, நேராக ஒரு முறை. வயருக்கு அடியில் நுழையும் சின்ன இடைப்பல் பிரஷ் தனியாக. ஃபுளோரைடு 1,450 பிபிஎம் உள்ள பேஸ்ட், துப்பிய பிறகு தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுவது. எளிதில் சொத்தை வருகிறவர்களுக்கு 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கரைசலால் தினம் ஒரு முறை கொப்பளிக்கச் சொல்லலாம், பேஸ்ட் போட்ட நேரத்தில் இல்லாமல் வேறொரு நேரத்தில். குளிர்பானத்தை மணிக்கணக்காக உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் மிக மோசம். குடித்தே ஆகவேண்டும் என்றால் சாப்பாட்டோடு ஒரே தடவையில் முடியுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முன்பற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மூட, வீடியோ பார்த்து இரண்டு பல்லையும் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்கிறார்கள். இடைவெளி சில நாளில் மூடவும் செய்யும், அதுதான் ஆபத்து. பல் ஈறுப்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் ரப்பர் நழுவி ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றி மேலே மேலே போய் எலும்பை அரித்துவிடும். அந்த ரப்பர் எக்ஸ்ரேயிலும் தெரியாது. பிள்ளையின் இரண்டு முன்பற்கள் மட்டும் திடீரென நீண்டு, ஆடி, ஈறு சிவந்திருந்தால் "ரப்பர் போட்டியா?" என்று முதலில் கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் இருந்து, இரண்டு பல்லையும் இழந்தவர்கள் உண்டு.

ஈறு மருத்துவர்

"இந்த வயசுல கிளிப் போடலாமா?" வயது தடையே இல்லை. ஈறு நோய்தான் தடை. வீக்கமும் ரத்தக் கசிவும் இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் குறையும். முதலில் ஈறு சிகிச்சை, நோய் அடங்கிவிட்டதா என்று சோதனை, அதற்குப் பிறகுதான் கிளிப். எலும்பு ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு, நெருக்கமாக இருந்த பற்கள் நேரானதும் ஈறோரம் கறுப்பு முக்கோணமாக இடைவெளி தெரியும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுப்பவர்கள் கேட்காமலேயே தெரிவிக்க வேண்டும். அந்த மருந்தால் எலும்பு கரைவது குறையும், பல் நகர்வது தாமதமாகும்.

சிகிச்சையின் நடுவே பல் லேசாக ஆடுவது இயல்பு.

பல் சீரமைப்பு மருத்துவர்

எல்லோரும் எழுதியதைப் படித்ததும் விட்டுப்போன இரண்டு நினைவுக்கு வருகின்றன.

"நல்ல பல்லை எதுக்கு எடுக்கணும்?" நியாயமான கேள்வி, அளவுகளோடு பதில் சொல்லவேண்டிய கேள்வி. ஒரு தாடையில் இடப் பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்குள் என்றால் பல் எடுக்கத் தேவை வருவது அரிது. பக்கத்துப் பற்கள் தொடும் இடங்களில் அரை மில்லிமீட்டர் வரை எனாமலைத் தேய்த்தே இடம் எடுக்கலாம். 10 மில்லிமீட்டரை எட்டினால் எடுக்காமல் செய்வது கடினம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உதடு எவ்வளவு துருத்துகிறது, ஈறு எவ்வளவு மெலிது என்று பார்த்து முடிவு செய்கிறோம். பல் அச்சையோ ஸ்கேனையோ அளக்காமல், பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்காமல் "நாலு பல் எடுக்கணும்" என்று யாராவது சொன்னால், அளவைக் காட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். எடுப்பது பெரும்பாலும் முதல் சிறுகடைவாய்ப்பல். வரிசையின் நடுவில் இருப்பதால் முன்பற்களின் நெருக்கத்துக்கும் துருத்தலுக்கும் இடம் தரும், அதன் இடத்துக்கு வரும் அடுத்த பல்லும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது, கடியைச் சரிசெய்ய மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ள நாங்கள் தரும் ரப்பர் பேண்ட். "நைட் மட்டும் போட்டா போதாதா?" போதாது. இரவில் நகர்ந்தது பகலில் திரும்பிவிடும். பல் முன்னும் பின்னும் ஆடி வலிதான் தொடரும். சாப்பிடவும் பல் தேய்க்கவும் தவிர எந்நேரமும் போட வேண்டும், தினமும் புதிது மாற்ற வேண்டும். லேடெக்ஸ் ரப்பர் வாயில் போட்ட முதல் சில மணி நேரத்திலேயே கணிசமான இழுவிசையை இழந்துவிடும். நேற்று மறந்ததற்கு இன்று இரண்டு மாட்டுவதும் கூடாது, பிடிமானமாக இருக்கும் கடைவாய்ப்பல் சாயும்.

கிளிப்புக்குப் பதிலாகப் பல்லின் மேல் கழற்றி மாட்டும் உறையான அலைனருக்கும் நேரக் கணக்கு உண்டு. தினம் 20 முதல் 22 மணி நேரம். ஒரு அலைனர் பல்லை நகர்த்துவது கால் மில்லிமீட்டர் அளவுதான். அது முழுதாக நடக்காமல் அடுத்ததற்குப் போனால், அலைனரின் விளிம்புக்கும் பல்லின் நுனிக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். அதைக் கண்டதும் அடுத்ததைத் திறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

லேப் டெக்னீஷியன்

"கிளிப் எடுத்தாச்சு, ரிடெய்னர் எவ்வளவு நாளைக்கு?" நேரான பல் திரும்பிப் போகாமல் பிடித்து வைப்பதுதான் ரிடெய்னர். ஈறிலுள்ள நார்கள் பல்லின் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகும். அதனால் முதல் சில மாதம் முழுநேரமும், பிறகு மருத்துவர் சொல்லும்போது இரவில் மட்டும். இரவு ரிடெய்னரைப் பல் நேராக இருக்கவேண்டும் என்று நினைக்கிற காலம் வரை விடமுடியாது. ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதோடு கீழ்வரிசை நெருங்கத்தான் செய்கிறது.

ரிடெய்னர் உடைந்தும் நெளிந்தும் எங்களிடம் திரும்பி வரும் வழிகள் சிலதான். வெந்நீரில் கழுவியது, காரில் வெயிலில் விட்டது, டிஷ்யூவில் சுற்றி வைத்துக் குப்பைக்குப் போனது, நாய் கடித்தது. குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷும் போதும், பேஸ்ட் கீறிவிடும். மாட்டும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால் நேரத்தைக் கூட்டிப் போடுங்கள். உட்காரவே இல்லை என்றால் பலவந்தமாகக் கடிக்காமல் காட்டுங்கள். ரிடெய்னராகப் பல்லின் உட்பக்கம் ஒட்டிய வயரில் ஒரு பல்லின் பசை மட்டும் விட்டுப்போனால் வயர் அசையாமலே இருக்கும், ஆனால் அந்தப் பல் சத்தமில்லாமல் திரும்பும். வாரம் ஒரு முறை கண்ணாடியில் ஒவ்வொரு பசைப் புள்ளியையும் பாருங்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிராக்கெட்டை எடுத்ததும் பல்லில் மீதியிருக்கும் பசையை முழுதாகத் தேய்த்து எடுத்த பிறகு, உள்வயர் போடுவதாக இருந்தால் அதையும் ஒட்டிய பிறகு, ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். பசை இருக்கும்போதே எடுத்த அச்சில் செய்த ரிடெய்னர் அந்த இடத்தில் தொளதொளவென்று இருக்கும், பல்லைப் பிடிக்காது.