மெத்தையா, பாயா: இருவர் கூடாரத்துக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பைக் பயணத்துக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் கூடாரமும் தூக்கப்பையும் (ஸ்லீப்பிங் பேக்) ஏறிவிட்டன. கூடாரத்தில் தூக்கப்பைக்கு அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் பேடுக்குப் போன வாரம் 'முகாம் மெத்தை' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அந்தச் சொல் வேண்டாம் என்பேன். அதனால் ஒரு ராத்திரித் தூக்கத்தை இழந்தவன் நான்.

டிசம்பர் கடைசியில் நானும் வீட்டம்மாவும் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி, பண்ருட்டி, திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். கடையில் நான் மெத்தை என்றுதான் கேட்டேன், கடைக்காரரும் மெத்தையைத்தான் கொடுத்தார். காற்று ஊதினால் ஒரு சாண் உயரம் எழும்பும், இருவர் படுக்கலாம். பைக்கின் இடப்பக்கப் பையில் முக்கால்வாசி இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது. பத்து மணிக்குப் படுத்தபோது சொர்க்கம். இரண்டு மணிக்கு முதுகு விறைத்துவிட்டது. மேலே இரண்டு போர்வை, ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் இருந்தும் குளிர் அடியிலிருந்துதான் ஏறியது. போதாததற்கு அவள் புரண்டு படுத்தால் நான் படகில் உட்கார்ந்தவன்போல எழும்பி இறங்கினேன். கடைசியில் மழைக்கோட்டு, துண்டு, பைக் கவர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் முதுகுக்கு அடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். (பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது.)

காரணம் அப்புறம்தான் புரிந்தது. வெறும் காற்று அடைத்த மெத்தைக்குள் அந்தக் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். உடம்புச் சூட்டை வாங்கித் தரையில் கொண்டுபோய் இறக்கும். தூக்கப்பையும் அடிப்பக்கம் உதவாது; நம் எடையில் அதன் பஞ்சு நசுங்கிவிடும். ஸ்லீப்பிங் பேடின் முதல் வேலை தரைக்கும் நமக்கும் நடுவே நின்று சூட்டைக் காப்பது. மெத்தென்று இருப்பது இரண்டாவதுதான். 'மெத்தை' என்ற சொல்லிலோ அந்த இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது.

சிமென்ட் தரையில் கோரைப்பாய் விரிப்பது எதற்கு? மெத்தென்றிருக்கும் என்றா? தரைச் சில்லிப்பு உடம்பில் ஏறக்கூடாதென்றுதானே. சுருட்டிக் கட்டிவிடலாம் என்பதும் பாயின் குணம்தான். அதனால் என் முன்மொழிவு: காப்புப்பாய். அதன்மேல் அச்சிட்டிருக்கும், சூடு கடப்பதை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர் வேல்யூவுக்குச் 'சூடுகாப்பு எண்' என்று வைக்கலாம்.

---

தம்பிக்கு,

லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். காப்புப்பாய்க்கு என் ஓட்டு உண்டு. 'சூடுகாப்பு எண்' மட்டும் இடறுகிறது. தீக்காப்பு என்றால் தீயிடமிருந்து காப்பது. அதே கணக்கில் சூடுகாப்பு என்றால் சூட்டிடமிருந்து காப்பது என்று நம் ஊர் வெயிலில் நிற்பவன் பொருள் கொள்வான். பாய் குளிர்ச்சி தரும் என்று நம்பி வாங்குவான்.

இயற்பியலில் இதற்கு வெப்பத்தடை என்ற சொல் இருக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் மின்தடைப் பாடம் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. தொடர் இணைப்பில் மின்தடைகளைக் கூட்டுவோம் அல்லவா? ஒரு பாயின் மேல் இன்னொன்றை விரித்தாலும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம். 2 உள்ள நுரைப்பாயின் மேல் 3 உள்ள காற்றுப்பாயைப் போட்டால் 5. 'தடை' என்ற சொல்லே பையனுக்குக் கூட்டலை நினைவூட்டிவிடும்.

---

ஐயாவுக்கு வணக்கம்.

தீக்காப்பு உதாரணத்தில் மாட்டிக்கொண்டேன், சரி. ஆனால் வெப்பத்தடைக்கும் அதே குறை இருக்கிறதே. வெப்பத்தைத் தடுக்கும் பாய் என்றாலும் கடைக்காரர் ஜில்லென்ற பாயைத்தான் எடுத்துப்போடுவார். 'சூடிழப்புத் தடை' என்றால் எந்தப் பக்கம் தடுக்கிறது என்பது தெளிவாகிவிடும் இல்லையா?

---

தம்பி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் மே மாதம் நண்பகலில் அதே பாயை மணலில் விரித்துப் படுத்துப் பார். அப்போது சூடு மணலிலிருந்து உன் முதுகுக்கு வரும். பாய் அதையும் தடுக்கும், எண்ணும் அதேதான். திசை பார்க்காத ஒன்றுக்குத் திசையுள்ள பெயர் எதற்கு?

---

ஐயா, மணலில் வைத்து மடக்கிவிட்டீர்கள். வெப்பத்தடை எண் என்றே பட்டியலில் போட்டுவிடுகிறேன். எதற்கு என்பதைக் காப்புப்பாய் என்ற பெயர் சொல்லட்டும். விளக்கக் குறிப்பில் இரண்டு வரி சேர்க்கிறேன்: மேலே சூடான தகடு, கீழே குளிர்ந்த தகடு, நடுவில் பாயை வைத்து அளக்கிறார்கள், 2018இல் பொதுத் தரமுறை வரும்வரை ஆளுக்கொரு விதமாக அளந்தார்கள். பழைய பாயின் எண்ணைப் புதியதோடு ஒப்பிட்டு ஏமாறக்கூடாது.

தூக்கப்பையிலும் ஒரு சிக்கல் பாக்கி. ஐரோப்பியத் தரமுறைப்படி அதில் முக்கியமாக இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும். முதலாவது, ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கும் அளவு. அதைவிடக் குறைந்த இரண்டாவது, ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. வாங்கப்போவது பெரும்பாலும் நாம்தானே, இரண்டாவதைப் பார்த்து வாங்கிவிட்டு ராத்திரி மனைவியிடம் திட்டு வாங்குகிறோம். 'இத வெப்பநிலை', 'தாங்கு வெப்பநிலை' என்று பிரிக்கலாமா?

அப்புறம், இப்போது எங்களிடம் இருப்பது ஆளுக்கொன்றாய் இரண்டு ஒற்றைப் பாய், நடுவில் விலகாமலிருக்க இரண்டு வார். அவள் புரண்டால் என் பாய் அசைவதில்லை. இந்த ஜோடிக்கு 'இணைப்பாய்' என்று எழுதி வீட்டம்மாவிடம் காட்டினேன். "யாரை இணைப்பாய்? எதோடு இணைப்பாய்?" என்று கேட்டுவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போய்விட்டாள். ஆகவே 'ஜோடிப்பாய்' என்று போட்டிருக்கிறேன். ஜோடி தமிழா என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும்.