இரவில் ‘டிக் டிக்’ என்பது பல்லி இல்லை, ஆமை!

உப்புவெளிக்காரி:
எங்கள் வளவில் ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது. அப்பம்மா காலத்து ஆமை, வயது யாருக்கும் தெரியாது. பெயர் கட்டையன் (பெண் என்று பிறகுதான் தெரிந்தது). வாடை மழை தொடங்கி நாலு நாள். மூன்று இரவாக ‘டிக்... டிக்’ என்று ஒரு சத்தம். பல்லி சொல்கிறது என்று அம்மா திசை பார்த்துப் பலன் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று கரண்ட் போன நேரம் டோர்ச்சோடு போய்ப் பார்த்தால், சத்தம் கட்டையனின் மூக்கிலிருந்து வருகிறது! கழுத்தை நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருக்கிறது. முருங்கை இலையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. தூக்கினால் ‘உஸ்ஸ்’ என்று சீறும், அது பழைய பழக்கம். கொஞ்ச நாள் முன்பு செவ்வரத்தைக்குக் கீழே பின்னங்காலால் குழியும் தோண்டியது. இதெல்லாம் கோபமா, வருத்தமா?

சாம்பல்தீவு அண்ணா:
சீறுவதை விடுங்கள் தங்கச்சி. தலையை ஓட்டுக்குள் இழுக்கும்போது நுரையீரல் நெருக்குப்பட்டுக் காற்று வெளியே வரும், அந்தச் சத்தம்தான். குழி தோண்டியது முட்டையிட. ஆண் துணை இல்லாவிட்டாலும் இடும், குஞ்சு வராது, அவ்வளவுதான்.

மூக்குச் சத்தம்தான் சரியில்லை. ஆமைக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசை) கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. மூக்கில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, சாப்பாடும் இல்லை என்றால் குமிழி இல்லாவிட்டாலும் நாளைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள். ‘குளிர்தானே, வெயில் வந்தால் சரியாகும்’ என்று நான் ஒரு கிழமை பார்த்திருந்தேன். வெயில் வந்தது, ஆமை இல்லை.

அதுவரை ஈரச் சீமெந்தில் விடாதீர்கள். காய்ந்த பெட்டி, அதன் ஒரு மூலைக்கு மேல் மட்டும் குண்டு பல்ப். சூடு கூடினால் விலகிப் போக அதற்கு இடம் வேண்டும்.

கிணற்றடி:
மூக்கில் கொஞ்சம் தைலம் பூசினால்?

சாம்பல்தீவு அண்ணா:
ஐயோ, வேண்டாம்! அது பிள்ளை இல்லை, ஆமை.

பாலையூற்றான்:
ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருக்க இங்கே இலங்கையில் சட்டம் விடாது. 2019இல் இதன் சர்வதேச வணிகத்தையும் தடைசெய்துவிட்டார்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு நீங்களாகவே போய்ச் சொல்வது நல்லது. அப்புறம், கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள், கடிக்கும். சுண்ணாம்புச் சத்து.

உப்புவெளிக்காரி:
குமிழி இருந்தது. வைத்தியர் நியூமோனியா என்றார். ஊசி முன்னங்காலில்தான் போட்டார். சோறும் பாணும் கொடுத்ததற்கு ஏச்சும் கிடைத்தது. அப்பா திணைக்களத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார், மருந்து முடிந்ததும் வந்து எடுப்பார்களாம். அம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை.

இன்று காலை செவ்வரத்தைப் பூ ஒன்றை முழுதாகத் தின்றது. சற்று முன் மறுபடி ‘டிக் டிக்’. டோர்ச்சோடு ஓடினேன். இந்த முறை பல்லியேதான்.